அடுப்புப் பிரதிஷ்டை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு சமையலறைக்குள் நடந்த ஒரே மாபெரும் புரட்சி, நெருப்பே இல்லாமல் சமைப்பதுதான். அந்தப் புரட்சியில் தன் குடும்பம் தவறான பக்கம் சாய்ந்துவிடாமல் காப்பது குடும்பத் தலைவனின் தலையாய கடமை. யேசுதாசன் இப்படித்தான் நம்பினார். அவர் தலைமை தாங்கிய குடும்பத்தில் அவரைத் தவிர ஒரே ஒருவர் இருந்தார். அந்த ஒருவர், அதாவது அவர் மனைவி தபீதாள், கேட்டது ஒரு சின்ன கரன்ட் அடுப்பு.

"ஏங்க, சிலிண்டர் புக் பண்ணா வர்றதுக்குப் பத்து நாள் ஆவுது. ரெண்டு பேருக்கு ஆவுற மாதிரி சின்னதா ஒரு இன்டக்‌ஷன் வாங்கிக்கலாமா? ரெண்டாயிரத்துக்குள்ள இருந்தா போதும்."

"வாங்கலாம். ஆனா அவசரப்படக் கூடாது."

"அவசரம்னு இல்ல, ஆனா..."

"பாத்தியா? நீயே சொல்ற, அவசரமில்லன்னு."

யேசுதாசன் ஒரு பம்ப் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கொள்முதல் அதிகாரி என்றால் பொருள் வாங்குகிறவர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பொருளை வாங்காமல் எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்பதில்தான் அந்த வேலையின் நுட்பமே இருக்கிறது. மூன்று கொட்டேஷன் இல்லாமல் அவர் தலையணை உறைகூட வாங்கியதில்லை. பெண் பார்த்ததும் அப்படித்தான். "தபீதா என்னோட மூணாவது கொட்டேஷன்" என்று சபை விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார். "எனக்கு வந்தது ஒண்ணே ஒண்ணு" என்று தபீதாள் ஒருமுறை பதில் சொன்னாள். அதையும் அவர் நகைச்சுவைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

அஸ்தினாபுரத்தில் அவர்கள் சபையைச் சேர்ந்த யாரும் மிக்ஸியோ கிரைண்டரோ வாங்குவதென்றால், "யேசுதாசண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தை வருவதற்குள் கிறிஸ்துமஸ் தள்ளுபடி முடிந்து பொங்கல் தள்ளுபடியும் முடிந்துவிடும். அவர் வீட்டுக்கே ஏசி வாங்கும் ஆராய்ச்சி மூன்றாவது கோடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் கேட்டார்கள். போன வருடம் சபைக் கமிட்டித் தேர்தலில் தோற்றவருக்கு மிச்சமிருந்த ஒரே பதவி இதுதான்: யேசுதாசன் பார்த்து வாங்கினால் சரியாக இருக்கும். அதுவும் போய்விட்டால் அவர் ஒரு பென்ஷன்காரர். அது அவருக்கும் தெரியும்.

அதனால் இந்த அடுப்பு விஷயத்தில் அவர் தன் பழைய பெருமை அத்தனையையும் கொண்டுவந்து இறக்கினார். ஒரு நீளத் தாளில் பதினொரு கட்டம் போட்டார். விலை, வாட், உத்தரவாதம், கண்ணாடியின் கனம், விசிறிச் சத்தம், பட்டனா தொடுதிரையா, இப்படிப் போய்ப் பதினொன்றாவது கட்டத்தில் 'சுவை' என்று எழுதினார். காஸ் அடுப்புச் சமையலுக்குப் பத்துக்குப் பத்து மார்க் முதலிலேயே போட்டுவிட்டார். இன்டக்‌ஷனுக்கு ஆறு. சாப்பிட்டுப் பார்த்துப் போட்டதல்ல. கொள்கை அளவில் போட்டது.

சபை நண்பர் சாலமன் விஷயம் தெரிந்து வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் வீட்டிலும் இன்டக்‌ஷன் வாங்கச் சொல்லி நச்சரிப்பு.

"அண்ணே, உங்க ரிப்போர்ட் ரெடியானதும் எனக்கு ஒரு காப்பி குடுத்துடுங்க. நீங்க எதுவோ நானும் அதுவே."

"டைம் ஆகும் சாலமன்."

"ஆகட்டும்ணே. தப்பா வாங்கிட்டுக் கஷ்டப்படறதுக்கு வெயிட் பண்றது மேல்."

இந்த வாக்கியம் யேசுதாசனுக்கு இரண்டு வாரம் தாங்கியது.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடை ஒன்று பாக்கியில்லை. சட்டைப் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போவார். கடையில் அடுக்கியிருக்கும் பாத்திரங்களின் அடியில் அதை ஒட்டிப் பார்ப்பார். ஒட்டினால் இன்டக்‌ஷனுக்கு ஆகும், ஒட்டாவிட்டால் ஆகாது. இது கடைக்காரர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கடையிலும் நின்று விளக்கினார். நான்காவது தடவை அவர் போனபோது தாம்பரம் கடையின் விற்பனைப் பையன் கும்பிட்டுவிட்டான்.

"சார், இன்னா சார் நீங்க? மொத தபா நீங்க பாத்த மாடலு வித்துப்போயி, ரெண்டாவது தபா பாத்ததும் வித்துப்போயி, இப்போ கம்பெனிக்காரனே டிசைன மாத்திட்டான். எட்த்துகினு போய் பால காய்ச்சுவீங்களா..."

"தம்பி, வாங்கறது பெருசில்ல."

"எனக்கு அதான் சார் பெருசு."

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஷீலா நாவலூரிலிருந்து போன் பண்ணுவாள். ஐடி வேலை, அங்கேயே பிளாட். அவளிடம் அந்த வாரத்தின் முன்னேற்றத்தை ஒப்பிப்பார்.

"அப்பா, ரெண்டு பேருக்கு ஆயிரத்து இருநூறு வாட்ஸே போதும்ப்பா."

"நீ அப்படிப் பாக்கக் கூடாதும்மா. ஒரு ரூபாய்க்கு எத்தனை வாட் கிடைக்குதுன்னு பாக்கணும். அந்தக் கணக்குல ரெண்டாயிரம் வாட்தான் லாபம்."

"சரிப்பா. நல்லா விசாரிங்க. அம்மாகிட்ட குடுங்க."

அம்மாவிடம் கொடுப்பார். அம்மா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். யேசுதாசன் பின்னால் போக மாட்டார். சமையலறைக்குள் போவதில்லை என்பது அவருடைய பழைய ஒழுக்கங்களில் ஒன்று. கொள்முதல்காரன் ஸ்டோருக்குள் கால் வைத்தால் ஆடிட்டில் கேள்வி வரும். கம்பெனியில் அது விதி. வீட்டிலும் அதையே கடைப்பிடித்தார். காபி கூடத்துக்கு வரும், சாப்பாடு மேஜைக்கு வரும், தட்டு தானாகவே திரும்பிப் போகும்.

இருபதாம் நாளோ என்னவோ, வஞ்சிரமீன் குழம்பு. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு சொன்னார்: "இதான் தபீதா. நெருப்புல கொதிச்ச குழம்புக்கும் கரன்ட்ல கொதிச்ச குழம்புக்கும் இதான் வித்தியாசம். அந்த அடுப்பு வந்தாலும் பாலு, வெந்நீரு, அவ்வளவுதான். குழம்பெல்லாம் அதுல வைக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள் தபீதாள். அவளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

நாற்பதாம் நாள் முடிவு எட்டப்பட்டது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களும் நாற்பதுதான் என்று அவரே சொல்லிக்கொண்டார். இரண்டாயிரம் வாட், விலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம், பதினொரு கட்டத்தில் ஒன்பதில் முதலிடம். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். பிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல காட்டேஜ் பிரேயர். பாஸ்டர் வருவாரு. அவர் கையால பிரதிஷ்டை ஜெபம் பண்ணிட்டு அப்புறம் பிரிக்கலாம்."

புது வீடு, புது வண்டி, புதுக் கடை என்றால் போதகரைக் கூப்பிட்டு ஜெபம் செய்து பிரதிஷ்டை பண்ணுவது சபையில் வழக்கம். அடுப்புக்கு யாரும் செய்ததில்லை. தபீதாள் பெட்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"இதுக்கெல்லாம் பிரதிஷ்டை எதுக்குங்க? நாலு பேரு சிரிப்பாங்க. ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்."

"பிரேயர் முடியட்டும்."

"இல்ல, அதுக்கு முன்னாடியே..."

"தபீதா, பஜ்ஜிக்கு எத்தனை வாழைக்காய்னு மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் ஞாயித்துக்கிழமை பேசலாம்."

ஞாயிறு நான்கு மணிக்குப் பதினாறு பேர் வந்தார்கள். பாய் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நடுவில் டீப்பாயின் மேல் வெள்ளை விரிப்பு. அதன் மேல் பெட்டி. சாலமன் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பின்பக்க போர்ஷனில் குடியிருக்கும் செல்வமேரியும் வந்தாள். அவள் கத்தோலிக்கச் சபை. ஆனால் வாழைக்காய் பஜ்ஜிக்குச் சபை பேதம் கிடையாது. போதகரான ஆயர் டேனியல் இளைஞர். பெட்டியைப் பார்த்து, "இது யாருக்காச்சும் பரிசாங்க?" என்று கேட்டார். யேசுதாசன் விஷயத்தைச் சொன்னார். ஆயர், "ஓ" என்றார். வேதாகமக் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பாட்டு முடிந்து, வேத வாசிப்பு முடிந்து, சாட்சி சொல்லும் நேரம். அந்த மாதம் கடவுள் செய்த நன்மையை ஒவ்வொருவரும் எழுந்து சொல்வார்கள். சாட்சி சொல்லும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் இந்த விதியைக் கொண்டுவந்தவர் யேசுதாசன்தான். சாலமனின் மனைவி சாட்சி சொன்னபோது மற்றவர்கள் தேதி திருத்திக்கொண்டே இருந்ததால்.

ஒருவருக்கு முழங்கால் வலி குறைந்திருந்தது. இன்னொருவருக்கு மருமகன் துபாயிலிருந்து பேசியிருந்தான். அப்புறம் செல்வமேரி எழுந்தாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்குப் பெருசா பேச வராது. போன மாசம் எங்க வூட்ல காஸ் தீந்துபோச்சு. மாமியாருக்கு சுகரு, டைமுக்கு சாப்ட்டாகணும். இன்னா பண்றதுன்னே தெர்ல. அழுதுகினு நிக்கிறேன். தபீதாக்கா வந்து, 'ஏண்டி பேஜாராவுற, எங்க வூட்டு இன்டக்‌ஷன் அடுப்ப எட்த்துகினு போ'ன்னு சொன்னாங்க."

பெட்டியைப் பார்த்துவிட்டு இவள் எதையோ குழப்புகிறாள் என்று யேசுதாசன் நினைத்தார். திருத்துவதற்காக ஒரு விரலைத் தூக்கினார். விதி ஞாபகம் வந்து விரலை மடக்கிக்கொண்டார்.

"அத்தினி நாளும் மத்தியானம் அக்கா சமைச்சு முடிச்சோன்ன நான் எட்த்துகினு போவேன், சாய்ந்திரம் குட்துருவேன். சின்ன அடுப்பு, கறுப்பு கலரு. ஷீலா பாப்பா ஆன்லைன்ல வாங்கி அனுப்ச்சது. கஞ்சி பத்து நிமிசத்துல ஆயிடும். அக்கா வூட்லயும் சிலிண்டரு காலிதான், ஒரு மாசமா மூலைல சும்மா கீது. மீன் கொழம்பு மொதக்கொண்டு எல்லாம் அதுலதான் வைக்கிறாங்க. இதெல்லாம் அண்ணனுக்கே தெரியாது! கட்டின புருசனுக்கே தெரியாம அவ்ளோ ரகசியமா தர்மம் பண்றாங்கன்னா, அந்த மனசு யாருக்கு வரும்? அந்த அக்காவ ஆண்டவர் ஆசீர்வதிக்கணும். ஸ்தோத்திரம்."

சாட்சி முடிந்தால் எல்லோரும் சேர்ந்து 'ஸ்தோத்திரம்' சொல்ல வேண்டும். சொன்னார்கள். பழக்க தோஷத்தில் யேசுதாசனும் சொன்னார்.

சாலமன் தரையில் எதையோ தேடினார். தபீதாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. யேசுதாசனுக்கு முதலில் வஞ்சிரமீன் குழம்பு நினைவுக்கு வந்தது. அதற்கடுத்து பருப்பு ரசம், எண்ணெய்க் கத்தரிக்காய், புதன்கிழமை வைத்த ஆட்டெலும்புச் சூப். ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுப் பாராட்டியிருக்கிறார். ஒவ்வொரு பாராட்டுக்கும் அவள் 'சரிங்க' என்றிருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் மகள் 'நல்லா விசாரிங்கப்பா' என்றிருக்கிறாள். அம்மாவிடம் போன் போனதும் இருவரும் சமையலறையில் எதைப் பேசிச் சிரித்தார்கள் என்பது இப்போதுதான் புரிந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு, தாயும் மகளும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அவர் கூடத்தில் உட்கார்ந்து நெகிழ்ந்திருக்கிறார்.

ஆயர் டேனியல் தொண்டையைச் செருமினார். பிரதிஷ்டை நிகழ்ச்சிநிரலில் இருந்தது. அதை எப்படித் தவிர்ப்பது என்று அவருக்கு வழி தெரியவில்லை. பெட்டியின் மேல் கை வைத்தார்.

"ஆண்டவரே, இந்தக் குடும்பத்துக்கு நீர் கொடுத்திருக்கிற இந்த... இரண்டாவது இன்டக்‌ஷன் அடுப்பையும் ஆசீர்வதியும்."

நேர்மையான மனிதர். அந்த 'இரண்டாவது' என்ற வார்த்தையை அவர் விட்டிருந்தால் யேசுதாசன் அவரை மன்னித்திருப்பார்.

பஜ்ஜி வந்தது, டீ வந்தது. யேசுதாசன் டீயைத் தொடவில்லை. எந்த அடுப்பில் கொதித்தது என்று இப்போது தெரியும். பதினொரு கட்டத் தாளின் நகல் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், சாலமனுக்குக் கொடுப்பதற்காக. எடுக்கப் போனார். சாலமன் அவர் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, மெல்லக் கேட்டார்:

"தபீதாக்கா, அந்தக் கறுப்பு அடுப்பு என்ன மாடல்னு ஷீலாகிட்ட கேட்டு வாட்ஸப்ல போடறீங்களா?"

"எனக்கும் போடுங்கக்கா" என்றது பாயிலிருந்து ஒரு குரல். "எனக்கும்" என்றது இன்னொன்று. யேசுதாசன் தாளைப் பையிலேயே விட்டார்.

ஐந்தே முக்காலுக்குக் கடைசிச் செருப்பும் வாசலைவிட்டுப் போனது. அவர் கதவைச் சாத்தினார். நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்து ஷீலாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னப்பா, பிரேயர் முடிஞ்சுதா?"

"ரெண்டாயிரம் வாட் லாபம்னு நான் சொன்னப்ப, நீ என்ன சொன்னே?"

"அம்மா சொல்லிட்டாங்களா?"

"சபை சொல்லிச்சு. பாஸ்டர் ஆமென் சொன்னாரு."

"அய்யோ." அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தது ஸ்பீக்கரில் துல்லியமாகக் கேட்டது. "அப்பா, சாரிப்பா. அம்மா அஞ்சாம் நாளே போன்ல அழுதாங்க. சிலிண்டர் தீந்துடுச்சு, அப்பா இன்னும் கண்ணாடி கனம் பாத்துக்கிட்டு இருக்காருன்னு. நான் என்ன பண்றது? பத்து நிமிஷத்துல ஆர்டர் போட்டேன்."

"பத்து நிமிஷம்!" ஏமாற்றியதைவிட அதுதான் அவரை அதிகம் காயப்படுத்தியது. "எத்தனை மாடல் பாத்தே?"

"ரெண்டு."

போனை வைத்துவிட்டார். தபீதாள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தஞ்சு நாள் என்னை ஏமாத்திட்டே."

"சமைச்சுப் போட்டேன்."

"எங்கிட்டச் சொல்லாம."

"சிலிண்டர் தீந்துதுன்னு அன்னைக்கு ராத்திரியே சொன்னேன். இதே நாற்காலில உக்காந்துதான் கேட்டீங்க. 'குறிச்சு வெச்சுக்கறேன்'னீங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"நோட்டை எடுத்துப் பாருங்க."

அடுப்பு ஆராய்ச்சிக்கென்று நாள்வாரியாகக் குறித்துவந்த நோட்டை எடுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் பக்கத்தில், அவருடைய கையெழுத்தில், சிவப்பு மையில், அழகாகக் கோடிட்டு எழுதியிருந்தது: 'சிலிண்டர் காலி. கவனிக்க.' ஓரத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"கவனிச்சீங்களா?" என்று தபீதாள் கேட்டாள். குரல் உயரவில்லை. "தாள்ல பதினொரு கட்டம் போட்டீங்க. விசிறி எவ்வளவு சத்தம் போடும்னு ஒரு கட்டம். காந்தம் ஒட்ற பாத்திரம் எது, ஒட்டாத பாத்திரம் எதுன்னு கடைக்காரனுக்குப் பாடம் எடுத்தீங்க. சமைக்கப்போறவ நான். என்ன வேணும்னு எங்கிட்டக் கேட்டு ஒரு கட்டம் போட்டீங்களா? நான் சொல்ல வந்தப்பெல்லாம் அப்புறம், அப்புறம். அந்த வஞ்சிரம் குழம்பு அன்னைக்குச் சொல்லிடணும்னுதான் வந்தேன். நீங்க நெருப்பு ருசின்னு ஆரம்பிச்சீங்க. அதுக்கு மேல எப்படிங்க சொல்றது? உங்க மானம் போயிடாது?"

"இப்ப மட்டும் போகலையா?"

"செல்வமேரிகிட்ட யாருக்கும் சொல்லாதடின்னுதான் சொன்னேன். அவ அதை ஆண்டவர்கிட்ட சொல்றதா நெனச்சுச் சொல்லிட்டா."

யேசுதாசன் எழுந்தார். முப்பத்தொரு வருடம் மூன்று மேலாளர்களிடமும் நூற்றுக்கணக்கான வியாபாரிகளிடமும் ஏமாறாத மனிதன், சொந்தச் சாப்பாட்டு மேஜையில் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தினம் மூன்று வேளை ஏமாந்திருக்கிறான். இதற்கு ஒரு கண்டனம் தெரிவித்தே ஆகவேண்டும். கம்பெனியாக இருந்தால் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருப்பார்.

"இனிமே அந்த அடுப்புல பண்ணினது எதுவும் எனக்கு வேணாம். என் சாப்பாட்டை நானே பண்ணிக்கறேன். நான் தேர்ந்தெடுத்த அடுப்புல."

"என்ன பண்ணுவீங்க?"

"ரவா உப்புமா."

"ரவை எங்க இருக்குன்னு தெரியுமா?"

யேசுதாசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். மிக்ஸிக்குப் பக்கத்தில், யாரும் ஒளித்துவைக்காமல், ஒரு துணியைக்கூட மேலே போடாமல், கறுப்பாகச் சின்னதாக அந்த அடுப்பு உட்கார்ந்திருந்தது. டீ கொதித்த சூடு இன்னும் அதில் இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி ஓரமாக நகர்த்தினார். டேப்பைக் கிழித்து, தெர்மாகோலை உருவி, நாற்பது நாள் தேடிய அடுப்பை மேடைமேல் வைத்தார். பளபளவென்று, பழையதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக இருந்தது. ஒரு கணம் அவருக்கு மூச்சு சீரானது. தபீதாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று வயரைப் பிரித்து, சுவரிலிருந்த பிளக் பாயிண்ட்டில் சொருகினார்.

போகவில்லை. திருப்பிச் சொருகினார். கட்டை விரலால் அழுத்தினார். இரண்டாயிரம் வாட்டுக்கான பெரிய பிளக்; அதன் மூன்று காலும் சுண்டுவிரல் தடிமன் இருந்தன. சுவரிலிருந்த ஓட்டைகளோ பென்சில் முனை நுழையும் அளவு.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

அடுப்பை இடுப்பில் அணைத்துக்கொண்டு, வயர் பின்னால் தரையில் இழுபட, பிரிட்ஜுக்குப் பக்கத்திலிருந்த பாயிண்ட்டில் முயன்றார். கூடத்தில் டிவிக்குப் பின்னால் குனிந்து முயன்றார். படுக்கையறையில் கட்டிலைத் தள்ளிவிட்டு முயன்றார். தபீதாள் ஒவ்வொரு அறைக்கும் பின்னாலேயே வந்து விளக்கைப் போட்டாள்.

அந்த பிளக் நுழையக்கூடிய பாயிண்ட் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கீசருக்காகப் போட்டது. அது பாத்ரூமில் இருந்தது.